திராட்சைக்கு நிழல் ஆகாது

போடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஜீப்பு ஒன்று நிற்கிற அளவுக்குத்தான் இடம். அந்த இடத்துக்காக நானும் என் வீட்டுக்காரரும் மூன்று வருஷம் மல்லுக்கு நின்றோம். அவர் போடிமெட்டு ரோட்டில் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். வண்டி தெருவில் வெயிலில் காய்ந்து சீட்டெல்லாம் வெடித்துப் போகிறது, கொல்லையில் தகரக் கொட்டகை போட வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு அங்கே திராட்சைக் கொடி வேண்டும். வீட்டின் மற்ற மூலைகளுக்கெல்லாம் அவர் குடும்பத்தில் யாராவது எப்போதோ முடிவு சொல்லியாயிற்று. அடுப்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை. இந்தப் பத்தடியாவது நான் சொன்னபடி இருக்கட்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கொடி ஒரு சாக்குதானே என்று யாராவது கேட்டால் பாதி ஒப்புக்கொள்வேன்.

குச்சி கொடுத்தது என் மூத்த நாத்தனார். கம்பத்துப் பக்கம் வாக்கப்பட்டவர், அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. பன்னீர் திராட்சைக் குச்சி நாலை ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். எப்படி வளர்ப்பது என்று நான் கேட்கவில்லை. நான் பிறந்ததே குரங்கணிக்கு மேலே மலையில், ஏலமும் மிளகும் காப்பியும் சூழ்ந்த இடத்தில். கொடி வளர்க்க எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமா என்ற திமிர்.

மலையில் மிளகுக்கு என்ன செய்வோமோ அதையே செய்தேன். முள்முருங்கைக் கிளையில் போத்து ஒன்றை வெட்டி ஊன்றினேன். அது மரமாகத் தழைத்ததும், தொட்டியில் வைத்த நாலில் துளிர்த்த ஒரே குச்சியை அதன் அடியில் நட்டு, சருகை அள்ளிப் போட்டு மூடினேன். மிளகுக்கொடி தானே வேர் விட்டு மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இது பிடிக்கவில்லை, காற்றடித்தால் சரிந்து விழுந்தது. வாழைநாரால் கட்டினேன். மறுபடி சரிந்தது, மறுபடி கட்டினேன். பிறகு ஏறு ஏறென்று ஏறி, மரத்தைத் தாண்டிக் கூரைக்கும் போய்விட்டது. இலை ஒவ்வொன்றும் கை அகலம். காய்தான் இல்லை. முதல் வருஷம், பிள்ளை இன்னும் சின்னது என்று விட்டேன். இரண்டாம் வருஷம் சாணி உரம் வைத்தேன். மூன்றாம் வருஷம் சாமிக்கு வேண்டிக்கொண்டேன்.

"எப்ப ஆத்தா பழம் பறிக்கலாம்? கூடை வாங்கியாரணுமா?" என்று இவர் தினமும் கேட்பார். கேட்டுவிட்டு ஜீப்புச் சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டுவார். கடைசியில் கெடு வைத்தார். வருகிற சித்திரை முடிவதற்குள் ஒரு கொத்துப் பழம் கண்ணில் காட்டினால் கொல்லை எனக்கு, இல்லையென்றால் கொட்டகை. சரி என்றேன்.

அந்த மார்கழியில் ஒரு சோலியாகப் போடிக்கு வந்த நாத்தனார் கொல்லையை எட்டிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏத்தா, மிளகா வளக்குற நீ? திராட்சையக் கொண்டுபோயி மரத்து நெழல்லயா வப்பாங்க? இதுக்கு நெழலே ஆகாது. மேல பந்தலு, முழு வெயிலு, வருசத்துக்கு ரெண்டு கவாத்து. வெட்டுனாத்தான் காய்க்கும்."

"இத்தன வருசம் வளத்தத வெட்டணுமா மதினி?"

"கூரைக்கு ஏறுனது மட்டும் வெயிலு குடிச்ச கம்பு. அதப் பந்தல்ல படுக்கப்போட்டு, கம்புக்குத் துளிர் வர்ற கண்ணு நாலு விட்டு வெட்டு. மிச்சத்த எல்லாம் தூக்கு. மொதல்ல அந்த மரத்தத் தூக்கு."

எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயே. ஆனாலும் மரத்தை வெட்ட லேசில் கை வரவில்லை. மலையில் நிழல் போனால் ஏலம் போச்சு, ஏலம் போனால் சோறு போச்சு. அரிவாளை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு முதல் வெட்டுப் போட்டேன். அதன்பின் நிறுத்தவில்லை.

நாத்தனார் தோட்டத்தில் பந்தல் மாற்றியபோது கழித்துப் போட்ட கல்தூண் நாலு கிடந்தது. கொண்டுவர வேறு வண்டி ஏது? "எங் கொட்டகைக்கு எதிரா நானே லோடு அடிக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இவர் இரண்டு நடையில் ஏற்றி வந்தார். "கெடு கெடுதான், பாத்துக்க" என்று ஒவ்வொரு தூணை இறக்கும்போதும் சொன்னார்.

தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியை மேலே ஏற்றிக் கவாத்து பண்ணினேன். வெட்டின இடமெல்லாம் தண்ணீராகச் சொட்டியது. மிஞ்சியது காய்ந்த விறகு மாதிரி நாலு கம்பு. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பார்கள். "ஒடிச்சு வளருன்னா நீ ஒரேயடியா கொன்னுட்டியே" என்றார் இவர். அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் காலையில் வாளியோடு கொல்லைக்குப் போய்த் தண்ணீர் விட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறந்தது. இலைக்கு எதிரே கடுகு மணி மாதிரி கொத்து கண்ணில் பட்டபோது எண்ணவே பயமாக இருந்தது. ஒன்பது கொத்து. பங்குனியில் இவர் தகர ஷீட்டைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். கொத்தைக் காட்டினேன். "காயின்னா சொன்னோம்? பழமுல்ல" என்றார். அணிலுக்குப் பயந்து ஒவ்வொரு கொத்துக்கும் பழைய கொசுவலையில் பை தைத்து மாட்டினேன். சித்திரை முடிய ஐந்து நாள் இருக்கும்போது ஒரு கொத்து கறுத்தது. பறித்து, தட்டில் வைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் அவர் எதிரே வைத்தேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"லேசாப் புளிக்குது."

"நரியும் அப்பிடித்தாங்க சொல்லுச்சு. அதுக்கு எட்டல, உங்களுக்குக் கையிலயே இருக்கு."

அவர் கொத்து முழுவதையும் தின்று முடித்தார். ஷீட்டை மறுநாளே கடையில் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் மத்தியானம் ஜீப்பு பந்தலுக்கு அடியில் நின்றது. என்னைக் கேட்கவில்லை. நிற்கட்டும் என்று விட்டேன். என் இடத்தில்தானே நிற்கிறது. காலை நடை முடிந்து வந்தால் அவர் முன் சீட்டில் கால் நீட்டித் தூங்க ஆரம்பித்தார். வண்டியில் வரும் தோட்டத்துப் பெண்களிடம், எங்க வீட்டு நெழலு கொடைக்கானல் மாதிரி என்று பெருமை அடித்தாராம்.

ஆவணியில் அடுத்த கவாத்துக்கு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். இவர் பந்தலுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"இந்தத் தடவ விட்ரு. எம்புட்டு நெழலு பாரு. இத வெட்ட எப்பிடி மனசு வருது உனக்கு?"

அரிவாளோடு இரண்டு நாள் நான் அந்த மரத்தடியில் நின்றதைப் போலவே நின்றார். ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"வண்டிய வெளிய எடுத்துட்டு, வெரசா வந்து ஸ்டூலப் பிடிங்க" என்றேன்.

ஜீப்பைத் தெரு வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பிடித்தார். கம்புக்கு நாலு கண், எண்ணி எண்ணி வெட்டினேன். கொடியின் முதல் சொட்டு அவர் தலையில்தான் விழுந்தது.