ரெஜிஸ்டரில் போட்ட கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, என்னிடமிருந்து நான்கடி தூரத்தில் ஒரு துப்பாக்கி வெடித்தது.

சினிமாவில் கேட்கிற சத்தம் இல்லை அது. இரும்பு பீரோவை யாரோ மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி. அப்புறம் காதுக்குள் நீளமாய் ஒரு விசில். அந்த விசிலுக்கு அடியில் தனகோட்டி அண்ணன் மெதுவாக உட்காருகிறார்... நாற்காலி இல்லாத இடத்தில்.

நடந்தது போலீஸ் ஸ்டேஷனில்.

தனகோட்டி அண்ணன் வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, இங்கே மராத்தி ஊரான போபோடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். ஒரு வங்கி வாசலில் கன்மேன். துப்பாக்கி வங்கியுடையதல்ல, அவருடைய சொந்தம் — பழைய இரட்டைக் குழல். லைசென்ஸ் போனால் துப்பாக்கி போச்சு. துப்பாக்கி போனால் வேலை போச்சு.

அதை அவர் வைத்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். யார் கையில் கொடுத்தாலும் குழலை மடக்கித் திறந்து, இரண்டு துளையிலும் வெளிச்சம் தெரிகிறது என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். துப்பாக்கிக்கு ஒரு பூட்டு, தோட்டாவுக்கு ஒரு பூட்டு. வாங்கிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பதினாறு வருஷத்தில் ஒன்றுகூடச் சுட்டதில்லை.

தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள். முடிந்ததும் திரும்ப வாங்குவார்கள். அப்படி வாங்கத்தான் போயிருந்தோம். மராத்தியில் விண்ணப்பம் எழுத நான் துணை.

அங்கே ஒரு வழக்கம். முதலில் ரசீதைக் கொடுத்துவிட்டு, ரெஜிஸ்டரில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் ஒருவர் சாவியோடு உள்ளே போவார். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். அண்ணன் போட்டார். சாட்சிக் கட்டத்தில் நானும் போட்டேன்.

சாவிக்காரர் உள்ளே போனார். பக்கத்து மேஜையில், டியூட்டி முடித்து வந்த கான்ஸ்டபிள் ஒருவர் பிஸ்டலைக் காலி செய்துகொண்டிருந்தார். முதலில் குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டுப் பிறகு மேலே இருக்கும் ஸ்லைடை இழுக்க வேண்டும். அவர் வரிசையை மாற்றிவிட்டார். ஸ்லைடை இழுத்தார்; மேகசினைக் கழற்றினார்; காலி என்று நம்பி விசையை அழுத்தினார். ஸ்லைடை இழுத்தபோதே மேகசினிலிருந்து ஒரு குண்டு குழலுக்குள் ஏறியிருந்தது.

குழலை நீட்டிக் காலி செய்வதற்கென்றே மூலையில் ஒரு மண்பெட்டி வைத்திருக்கிறார்கள். அது நிறைய பான் எச்சில்.

குண்டு அண்ணனின் கெண்டைக்காலில் புகுந்து வெளியேறி, சுவரில் போய் நின்றது. அவர் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, "முதலில் அதைக் கீழே திருப்பு" என்று கான்ஸ்டபிளிடம் ஹிந்தியில் சொன்னார். பிஸ்டல் அப்போதும் எங்களைப் பார்த்தபடியே இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அதே ஸ்டேஷனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையில் இளநீர், பையில் டைப் செய்த தாள். திரும்பப் பெற்ற இரட்டைக் குழலைப் பரிசோதிக்கும்போது, தன் அஜாக்கிரதையால் தானே சுட்டுக்கொண்டதாக அண்ணன் ஒப்புக்கொள்கிறாராம். ஆதாரம்? ரெஜிஸ்டர். துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது என்று இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறதே! ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் மட்டும் போகும். மறுத்தால் வழக்கும் வரும். கான்ஸ்டபிளுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், குரல்கூட உயரவில்லை.

யோசித்துப் பாருங்கள். போலீஸ் துப்பாக்கி என்றால் அது தானே வெடித்துவிடுகிறது. நம் துப்பாக்கியை மட்டும் நாம்தான் வெடிக்க வைக்கிறோம். பூட்டு, புத்தகம், நோட்டீஸ் எல்லாம் நமக்கு. அவர்களுக்கு? துறை விசாரணை என்று ஒரு கதவு. அதற்குள் போனவர் இடுப்பில் அதே பிஸ்டலோடு வெளியே வருகிறார்.

அதிகாரி போனதும் அண்ணன் சிரித்தார்.

"மூணடியில என் ரெட்டக் கொழல் வெடிச்சிருந்தா எனக்குக் காலே இருந்திருக்காது சார். காலு கீதுல்ல... அதான் சாட்சி."

கால் பேசாதே. பேசக்கூடியவன் நான்தான். என்ன பார்த்தீர்கள் என்று வராந்தாவில் அதிகாரி என்னைக் கேட்டிருந்தார். சரியாகக் கவனிக்கவில்லை, ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருந்தேன். மகளின் பாஸ்போர்ட் விசாரணை அதே ஸ்டேஷனில் நிலுவையில் இருக்கிறது. அண்ணனிடம் இதை எல்லாம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"துப்பாக்கிய பாக்காமலே வந்துடுச்சின்னு கையெழுத்துப் போட்டீங்க. இத கண்ணால பாத்தீங்க. இதுக்குப் போட இன்னா சார் கஷ்டம்?"

வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கசார்வாடி வரை போய், நெடுஞ்சாலையோரமாகவே நடந்து திரும்பினேன். லாரிகள். ஹார்ன். காதில் அந்த விசில் இன்னும் நிற்கவில்லை. கேள்வியும்தான்.

அண்ணன் தாளில் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை நோட்டீஸ் வந்தது: லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது? வங்கி வாசலில் வேறு ஒருவர் நிற்கிறார்.

நேற்று உட்கார்ந்து, நோட்டீஸுக்கு அண்ணன் தரும் பதிலோடு சேர்க்க, மராத்தியில் இரண்டு பக்கம் எழுதினேன். ஸ்லைடு, மேகசின், மண்பெட்டி, சாவியோடு உள்ளே போனவர் வெறுங்கையோடு ஓடி வந்தது — எல்லாம். ரெஜிஸ்டரில் நான் போட்டது பொய்க் கையெழுத்து என்பதையும்.

கீழே பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை, பார்த்த பிறகு.