மழை நாளில் நாலு கிலோ

கட்டைவிரலால் டயரை ஓர் அமுக்கு, உள்ளங்கையால் ஒரு தட்டு. சுதர்ஷினிக்குத் திருப்தியில்லை. பம்பை எடுத்து இன்னும் மூன்று அடி அடிக்கிறாள், மறுபடி அமுக்குகிறாள். ஏறப்போகிறவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காத்து நிற்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. "காத்து கொறஞ்சா கல்லு கடிச்சிரும். கூடிப்போனா வண்டி துள்ளி ஒங்கள பள்ளத்துல போட்டுரும். எது வேணும், சொல்லுங்க?"

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தங்குவிடுதி. அங்கே வரும் விருந்தினரைத் தேயிலை மலைகளின் கல் பாதைகளில் சைக்கிளில் கூட்டிப்போவது அவள் வேலை. அதற்கு முன் ஏழு வருடம் இதே மலையில் கொழுந்து பறித்தவள். எந்தக் கல் எந்த மழையில் புரளும் என்று அவள் காலுக்கே தெரியும். இறக்கத்தில் முன்னால் போய்க்கொண்டே கத்துவாள்: "கல்லு வருது, குந்தாதீங்க! எந்திரிச்சு நில்லுங்க, முட்டிய மடக்குங்க, முன் சக்கரத்த லேசா தூக்குங்க!" மூட்டை மாதிரி உட்கார்ந்தபடி கல்விளிம்பில் இடித்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும்.

போன வருடம் அப்படி விழுந்த ஓட்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. வந்தவர்கள் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார்கள். விடுதிக்காரர் ஜோர்ஜ் கறாராகச் சொல்லிவிட்டார்: "இனி ஒரு ஆள் தள்ளிக்கிட்டு வந்தாலும், சைக்கிள் எல்லாத்தையும் வித்துட்டு ஆட்டோ வாங்கிருவேன்." ஆட்டோ வந்தால் சுதர்ஷினிக்கு அங்கே என்ன வேலை? திரும்பவும் கொழுந்துக் கூடையை மாட்ட வேண்டியதுதான்.

ஆளின் எடைக்கேற்பக் காற்றடிக்க வேண்டும். ஆனால் எடையைக் கேட்டால் யார் உண்மை சொல்கிறார்கள்? அப்போதுதான் தோட்டத்து நிறுவைக் கொட்டகையான கொழுந்து மடுவத்தின் தராசு ஞாபகம் வந்தது. பறித்த கொழுந்தை நிறுக்கும் அந்தத் தொங்கு தராசில் பலகை கட்டி, விருந்தினரை ஒவ்வொருவராக ஊஞ்சல்போல் உட்கார வைத்தாள். பலகை ஆடாமல் பிடிப்பது அவள் பாடு. முள்ளைப் பார்த்துத் துண்டில் எழுதுவது கணக்கப்பிள்ளை பொன்னையாவின் பாடு. அந்த வெயில் காலம் முழுக்க ஒரு பஞ்சர் இல்லை.

முதல் மழை பிடித்த காலையில் கொழும்பிலிருந்து மிலான் வந்தார். நல்ல வாட்டசாட்டம். மழைக்கோட்டோடு பலகையில் ஏறினார். "தொண்ணூத்திரெண்டு," என்றார் பொன்னையா.

படிக்கல் இறக்கத்தில் 'புஸ்' என்றது.

"நான் எழும்பித்தான் நிண்டேன்!" என்று மிலான் சத்தியம் செய்தார். அவர் நின்றதைச் சுதர்ஷினியும் பார்த்தாள். டியூபை உருவினால், அதே இரண்டு ஓட்டை. அவருடைய கோட்டையே குடையாக விரித்துப் பிடிக்கச் சொல்லி, ஒட்டுப் போட்டு, காற்றை இறுக்கி அடித்து, அவரை மிதிக்க வைத்து நேரே மடுவத்துக்குத் திரும்பினாள். அதே கோட்டோடு மறுபடி பலகையில் உட்கார வைத்து, இந்தத் தடவை முள்ளை அவளே பார்த்தாள். தொண்ணூற்றாறு.

"ஐயா, நாலு கிலோ எங்க?"

பொன்னையா தலையைச் சொறிந்தார். "மழ நாளு புள்ள... ஈரத்துக்கும் சாக்குக்கும் நாலு கழிக்கிறது வழக்கம். கை தன்பாட்டுக்கு எழுதிருச்சு."

"அவரு என்ன கொழுந்தா? பிழிஞ்சு பாப்போமா?"

எல்லோரையும்விட மிலான்தான் அதிகம் சிரித்தார். விடுதி வாசல்வரை ஜம்மென்று மிதித்தே போனார். அடுத்த மாதம் நண்பர்களோடு வருவதாகவும் சொன்னார். ஜோர்ஜ் ஆட்டோ பேச்சை எடுக்கவே இல்லை.

சுதர்ஷினியும் சிரித்தாள். ஆனால் அந்த நாலு கிலோ அவளை விடவில்லை. ஏழு வருடம், மழை பெய்த நாளெல்லாம், அவளும் தன் கொழுந்தில் அதைக் கொடுத்தவள்தான். ஒரு நாளாவது முள்ளை எட்டிப் பார்த்தோமா என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாளும் மழை. நிறுவைக்கு வரிசை நிற்கிறது. ஓரமாகச் சைக்கிள் விருந்தினர் இரண்டு பேர். முன்பு அவளோடு ஒரே நிரையில் பறித்த வீரம்மா, தன் சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறாள். எடையைச் சொல்லப் பொன்னையா வாயைத் திறக்கிறார்.

சுதர்ஷினி பம்பைக் கீழே வைத்தாள். பனி படர்ந்திருந்த தராசுக் கண்ணாடியைச் சட்டைக் கையால் நன்றாகத் துடைத்து, முள்ளிருக்கும் பக்கத்தை வீரம்மாவை நோக்கித் திருப்பினாள்.