எட்டில் ஒன்றுக்கு முந்தைய சுற்று

இந்தப் போர்த்துக்கீசிய ஊரில் காலிறுதிக்கு முந்தைய சுற்றை ‘ஒய்த்தாவுஷ்’ என்கிறார்கள். எட்டில் ஒன்றாம். ‘ரவுண்ட் ஆஃப் சிக்ஸ்டீன்’ என்று நாம் டீமை எண்ணுகிறோம், போர்த்துக்கீசியர்கள் ஆட்டத்தை எண்ணுகிறார்கள். எதை எண்ணினாலும் எங்களை எண்ணவில்லை. காபிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த, ஐவர் கால்பந்தான ஃபுட்சால் அட்டவணையில் பதினைந்து இடம் உள்ளூர் டீம்களுக்கு. மிச்சமிருந்த ஒன்றுக்காக, ராஸ்பெர்ரி பறிக்க வந்த எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள் முதலில் தங்களுக்குள் அடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுற்றுக்கு ‘ப்ரே-எலிமினத்தோரியா’ என்று நீளமாக ஒரு பெயர். “எங்களுக்கு மட்டும் ஏன்?” என்று கமிட்டிப் பெண்மணியிடம் கேட்டேன். “கூடுதலாக ஒரு ஆட்டம் கிடைக்கிறதே, சந்தோஷம்தானே!” என்று சிரித்தாள். நான் கோபமாகக் கேட்டேன் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

எனக்கு இது புதுசில்லை. பாகூர் பக்கம் எங்கள் கிராமத்துக் கிரிக்கெட் போட்டியில் ஊர் டீமுக்கு வருஷா வருஷம் ‘பை’, ஆடாமலே நேராக செமி. காலனி டீமான நாங்கள் முதல் ரவுண்டிலிருந்து முட்டி மோதி வரவேண்டும். அப்படியும் வந்துவிட்டால் எங்கள் அடுத்த ஆட்டம் கரும்பு வெட்டுகிற நாளில் விழும். வெட்டக் கூப்பிடுகிறவரும் போட்டி நடத்துகிறவரும் ஒரே வீட்டுக்காரர்கள். “காலனி டீம் வரல, வாக்ஓவர்” என்று மைக்கில் சொல்லும்போது நாங்கள் கரும்புத் தோட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். அந்த மைக்கைப் பிடுங்கி உடைக்க இன்றைக்கும் கை பரபரக்கிறது.

இங்கே ப்ரே-எலிமினத்தோரியாவை ஜெயித்தோம். ஒய்த்தாவுஷ் சனிக்கிழமை மாலை. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வந்து, நாளை மாலை எங்கள் ஐந்து பேருக்கும் வேலை என்றான். எதிர் டீமின் மஞ்சள் சட்டையில் எங்கள் பண்ணையின் பெயர்தான் அச்சடித்திருக்கிறது.

“போலாம்டா செல்வம், ஒரு நாள்தானே,” என்றேன். அவன் மண்ணாடிப்பட்டுக்காரன், எங்கள் கோல்கீப்பர்.

“நீ போவ மச்சான். உனுக்கு இங்க தங்குற கார்டு வந்துட்ச்சி. எனுக்கு இன்னும் வர்ல. வேலய வுட்டு தொர்த்துனா இன்னாடா பண்ணுவேன்?”

மற்ற மூன்று பேரும் அதையே சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் நான் மட்டும் போனேன். எதிரே ஐந்து மஞ்சள் சட்டைகள். வாக்ஓவருக்கு இவர்கள் மொழியில் ‘ஃபால்தா த கொம்பரென்சியா’. நடுவர் அதை எழுதப் பேனாவைத் திறந்தார். அதற்குள் அவர்கள் கேப்டன் ஒரு மஞ்சள் சட்டையோடு வந்து என் தோளில் தட்டினான்.

“நீ நன்றாக ஆடுகிறாய். எங்களுக்கு ஒரு ஆள் தேவை. வா.”

“எந்தச் சுற்றிலிருந்து?”

“நேராகக் காலிறுதியிலிருந்து,” என்றான், பரிசு கொடுப்பவன் போல.

ஒரு நொடி ஆசை வந்தது. இவ்வளவு பேசுகிற எனக்கு வந்துவிட்டதே என்று என்மேலேயே ஆத்திரமாக இருந்தது. சட்டையைக் கையில் வாங்கினேன். போட்டுக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. எங்கள் டீமின் நீலச் சட்டையோடு, ஆளே இல்லாத எங்கள் பாதியில் போய் நின்றேன். என் பெயரை எந்த டீமில் எழுதுவது என்று நடுவர் கேட்டார்.