பாலம் டேங்கர், கேட்கிறதா?

ஐந்து ஊர்களுக்கு ஐந்து தீயணைப்பு நிலையங்கள். ஒவ்வொன்றும் தன் தன் வசதிப்படி வாங்கிய ஒயர்லெஸ் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை. சின்னத் தீ என்றால் அந்தந்த ஊர்க்காரர்களே அணைத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஒருவர் பேச்சு அடுத்தவர் காதில் விழாது, விழ வேண்டிய தேவையும் இல்லை. ஓர் ஊருக்கு அடங்காத தீ எழும்போதுதான் தொல்லை. பக்கத்து ஊர் வண்டிகள் உதவிக்கு வந்து நிற்கும். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் சொல்வது அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்காது. அப்போது எல்லோரையும் பொது அலைவரிசைக்கு அழைத்து வந்து, யார் எந்த வாசலுக்குப் போவது, யாருக்கு யார் தண்ணீர் கொடுப்பது என்று பேசவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்தான்.

வரி கட்டும் அலுவலகத்துக்கு மேல்மாடியில் அவளுடைய அறை. ஒரு மேசை, மேசை நிறைய ஒயர்லெஸ் பெட்டிகள், ஒரு தொலைபேசி, இரண்டு றெக்கையோடு மட்டும் சுற்றும் மின்விசிறி. ஒயர்லெஸ்ஸில் அவளுக்குப் பெயர் கிடையாது, கன்ட்ரோல். நாளடைவில் கீழே வரி வாங்கும் குமாஸ்தாவும் மாடி பெருக்க வரும் அம்மாவும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். தம்பிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "இவ எங்க வீட்ல பொறந்ததிலிருந்தே கன்ட்ரோல்தான், கவர்மென்ட்டுக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு" என்றான்.

அப்பா மூட்டை தூக்கியவர். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். தம்பி பத்தாவதோடு புத்தகத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு லாரி ஓட்டப் போனான். பாலத்தை ஒட்டிய நிலையத்துக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து, அவனைக் காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுபோய் விண்ணப்பம் போடவைத்ததும் அவள்தான். அக்கா உள்ளே உட்கார்ந்துகொண்டு தம்பியை நுழைத்துவிட்டாள் என்று நாலு பேர் பேசத்தான் செய்தார்கள். அது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒயர்லெஸ்ஸில் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் மைக்கின் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. அதனால் வளவளவென்று பேசக் கூடாது. தினமும் காலையில் அவள் பொது அலைவரிசையில் ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டுச் சோதிப்பாள். "பாலம் டேங்கர், கேட்கிறதா?" என்பாள். "கேட்கிறது" என்று பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை தம்பி, "கேக்குது, கேக்குது. அக்கா, சாப்டியா?" என்றான்.

அன்று பார்த்து மேலதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"பாலம் டேங்கர், இது சொந்தப் பேச்சுக்கான இடம் அல்ல. கேட்டதற்கு மட்டும் பதில் கூறவும்."

ஐந்து நிலையங்களுக்கும் அது கேட்டது. மேலதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பாலத்து நிலையத்தில் தம்பிக்குப் பெயர் 'சாப்டியா' ஆகிவிட்டது. நிலையத்துக்குள் நுழைந்தால், "வாங்க சாப்டியா." டீ குடிக்கப் போனால், "சாப்டியா சாப்டாச்சா?" சிரித்துப் பார்த்தான், முறைத்துப் பார்த்தான், பெயர் உதிரவில்லை. அவன் அக்காவிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டான். காலையில் மட்டும் "கேட்கிறது" என்பான், இஸ்திரி போட்ட மாதிரி. அவள் போன் அடித்தால் எடுக்க மாட்டான்.

அம்மா தம்பியோடுதான் இருந்தாள். ஒரு விடுமுறை நாளில் அவன் இல்லாத நேரம் பார்த்து அவள் போய் அம்மாவிடம் உட்கார்ந்தாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? சட்டம் அப்படி."

"சட்டம்தான், நான் ஒன்னும் சொல்லலியே." அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "சாப்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறமா சட்டம் பேசியிருக்கலாம்."

திரும்பி வரும்போது பேருந்தில் அன்று ஒயர்லெஸ்ஸில் தான் சொன்ன கடைசிச் சொல்லைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். கூறவும். அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. படித்துப் பட்டம் வாங்கியதில் அந்தச் சொல் எப்போது நாக்கில் ஏறியது, தேவையென்றால் இறக்கிவைக்கத் தனக்குத் தெரியுமா? தான் செய்தது சரிதான் என்று தோன்றியது. சரியாக இருந்தும் ஏன் இப்படிக் கனக்கிறது என்பது மட்டும் விளங்கவில்லை.

மாதங்கள் ஓடின. ஒரு மத்தியானம் மில் நிலையத்து அதிகாரி உதவி கேட்டார். மெத்தைக் கிடங்கில் தீ. எல்லாம் ஸ்பாஞ்சு, புகை கருங்கட்டியாக வருகிறது. அவள் மேட்டு நிலையத்தையும் பாலத்து நிலையத்தையும் எழுப்பினாள். மூன்று ஊரும் பொது அலைவரிசைக்கு வந்து சேர்ந்தன. மூட்டை ஏற்றும் ஆள் ஒருவன் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று காவலாளி சொன்னதால், மில் நிலையத்து வீரர்கள் இருவர் உள்ளே போனார்கள். ஒருவருக்கு மீசை என்று பெயர், மற்றவருக்கு நெட்டை. இருவர் தோளிலும் வாக்கி-டாக்கி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அதிகாரியின் குரல் வந்தது. "கன்ட்ரோல், தூங்கின ஆளு வெளியதான் இருக்கான், பின்பக்கமா வந்து டீ குடிச்சிட்டு நிக்கிறான். மேல பரண் தொங்குது. உள்ள இருக்கறவங்கள உடனே…"

குரல் அறுந்தது. அந்த இடத்தில் சைரன் அலறியது. சைரனுக்கு நடுவே வண்டியின் இரைச்சலும், நிதானமாக ஒருவன் பேசுவதும் கேட்டன.

"அஞ்சு ஸ்டேஷனுக்கும் கேட்டுச்சு மாமா. அக்கா, சாப்டியான்னு கேட்டது ஒரு குத்தமா?"

"குத்தமில்லடா. ரோட்டப் பாத்து ஓட்டு."

"கூறவும்னா மாமா. கூறவும். எங்கப்பா செத்த அன்னிக்குக்கூட எங்க வீட்ல யாரும் அப்படிப் பேசினதில்ல."

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று. பாலத்து டேங்கரில் மைக் கொக்கியிலிருந்து நழுவி இருக்கையில் விழுந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்த மூத்த வீரர், எல்லோருக்கும் மாமா, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டிருக்கிறார். பொத்தான் அமுங்கிக் கிடக்கிறது. இனி அந்த வண்டியைத் தவிர யாரும் பேச முடியாது. அவளும் பேச முடியாது.

தொலைபேசி அடித்தது. மில் அதிகாரி. "எவன் அது? யாருன்னு கண்டுபிடிங்க. என் ஆளுங்க உள்ள இருக்காங்க."

"என் தம்பி சார். ஆரன் அடிச்சு அவங்கள வெளிய கூப்பிடுங்க. நான் அவன் போனுக்கு அடிக்கிறேன்."

கைபேசியை எடுத்து அவனைக் கூப்பிட்டாள். ஒயர்லெஸ் பெட்டிக்குள்ளிருந்து சேவல் கூவியது. பள்ளிக்கூட நாளில் அவனைத் தினமும் எழுப்பிவிட்டவள் என்று அவளுக்கென்று அவன் வைத்திருந்த மணி அது. இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறான்.

"யாருடா, சேவலு?"

"அக்கா."

"எடுக்கட்டா?"

"விடுங்க மாமா. வேலை நேரத்துல சொந்தப் பேச்சு கூடாதாம்."

சேவல் கூவிக்கூவி ஓய்ந்தது. அவள் மறுபடி அடித்தாள். மறுபடி கூவியது.

"அவசரமா இருக்கப் போவுதுடா."

"அவசரம்னா ஒயர்லெஸ்ல கூப்பிடுவா. அவளுக்குத்தான் பெரிய மைக்கே இருக்கே."

அவள் கையில் அந்த மைக் இருந்தது. பொத்தானையும் அழுத்தித்தான் பார்த்தாள். "தம்பி" என்றாள். அலுவலகப் பேச்செல்லாம் எங்கோ ஓடிவிட்டது. "டேய், எடுடா." இரண்டு றெக்கை மின்விசிறி மட்டும் கேட்டது.

மாமாவின் கைபேசி நிலையத்துப் பெட்டியில் பூட்டிக்கிடந்தது. நிலையத்துக்கு அடித்ததில் அதுதான் தெரிந்தது. தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"அண்ணி, எப்படி இருக்கீங்க? இந்தப் பக்கமே காணோமே…"

"ஒன்னும் கேக்காத. உன் வீட்டுக்காரனுக்குப் போன் போடு. மைக்கு மேல உக்காந்திருக்காங்கன்னு சொல்லு."

"மைக்கா? என்ன மைக்கு அண்ணி?"

"சொன்னா அவனுக்குப் புரியும். ஓடு."

பெட்டிக்குள் வெறும் மணி ஒன்று ஒலித்தது. "வீட்லருந்து மாமா, எடுங்க." "சொல்லும்மா. என்னது? எதுமேல? நான் எங்க… அடச்சே." தடாலென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"உள்ளே இருப்பவர்கள் வெளியே வாங்க. மீசை, நெட்டை, வெளியே வாங்க. பரண் விழப்போகுது, வெளியே வாங்க."

"வர்றோம் கன்ட்ரோல்" என்றது மீசையின் குரல். அதை அடுத்துப் பலகைகள் சரியும் ஓசை வந்தது.

மீசை கைகளில் தீக்காயத்தோடு வந்துவிட்டார். நெட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை. பார்ப்போம் என்றார்கள் மருத்துவர்கள். பிறகும் பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை வந்தது. கொக்கி தேய்ந்துபோனதால் மைக் விழுந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று முடிந்தது. எல்லா வண்டிகளுக்கும் புதுக் கொக்கி மாட்டினார்கள். ஒருவராவது தன்னை ஏதாவது கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். முதல் சேவலுக்கு அவன் ஏன் எடுக்கவில்லை என்பது மூன்று ஊருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

கட்டுப்போட்ட கைகளோடு மீசைதான் ஒருநாள் மாடியேறி வந்தார். அவளே கேட்டாள். "ஆரன் அடிச்சாங்களே அண்ணே, கேக்கலியா?"

"கேட்டுச்சும்மா. வாக்கியிலயும் உங்க தம்பி ரோடு முழுக்க ஆரன் அடிச்சுக்கிட்டேதானே வந்தான். எல்லாம் அதுதான்னு நெனச்சுட்டோம்." தண்ணீர்க் குவளையை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே பிடித்துக் குடித்தார். "புகையில ஒன்னுமே தெரியல. அவன் பேச்சு மட்டும் கேக்குது. கூறவும்னு அவன் சொன்னப்ப நெட்டை சிரிச்சான். முகமூடிக்குள்ள சிரிச்சா ஒரு மாதிரி சத்தம் வரும்."

அவள் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"நீங்க எதுவும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார் அவர். எழுந்து போகும்போது கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.

அவன் கேட்ட அன்று காலை சாப்டேன்டா என்று சொல்லியிருந்தால்? அவன் முதல் மணிக்கே எடுத்திருப்பான், நெட்டை நடந்து வந்திருப்பார். ஐந்து ஊரும் சாப்டியா என்று கேட்கத் தொடங்கியிருந்தால்? வேறொரு நாள் வேறொருவர் உள்ளே மாட்டியிருப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் தாழவில்லை.

இப்போதும் தினமும் காலையில் சோதிக்கிறாள். "பாலம் டேங்கர், கேட்கிறதா?"

"கேட்கிறது." அது மாமாவின் குரல். தம்பி நீண்ட விடுப்பில் இருக்கிறான். விடிந்ததும் போய் நெட்டையின் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காருகிறான், இருட்டும்போது வீட்டுக்கு வருகிறான், உள்ளே போய்ப் பார்ப்பதில்லை என்கிறாள் அம்மா. ஒருநாள் இவளும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவின் மறுகோடியில் அவளைக் கண்டதும் அவன் எழுந்து படியிறங்கிவிட்டான். துரத்திப்போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்தப் பெஞ்சிலேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்தாள்.

சோதனை முடிந்து பெட்டிகள் அடங்கியதும் அவனுக்குப் போன் அடிப்பாள். மணி போகும். தீப்பிடித்த அன்றைக்கு ஒருநாள்தான், தான் கூப்பிடும்போது அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் என்ன சொல்லி எடுக்காமல் விடுகிறான் என்பதுவரை தெரிந்தது. இப்போது சேவல் அங்கே கூவுகிறதா, அதையும் மாற்றிவிட்டானா, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறானா, எதுவும் தெரியவில்லை. மணி அடங்கும்வரை காதிலேயே வைத்திருப்பாள்.

"கன்ட்ரோல், மேடு" என்று ஒருநாள் நடுவில் பெட்டியில் மேட்டு நிலையம் கூப்பிட்டது.

"ஒரு நிமிஷம், மேடு" என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. கைபேசியில் மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.