படத்தில் தெரிந்த கடுகு

டாக்டரின் மேசையை யாரோ கையால் அறைகிற சத்தம் மூடிய கதவைத் தாண்டி வராந்தா வரைக்கும் கேட்டது. யாரோ என்ன யாரோ, வெளியே பெஞ்சில் இருந்தவள் பெற்ற மகள்தான். பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கும்படி கத்திக் கத்திப் பழகிய கண்டக்டர் குரல்.

"எங்கம்மா ஒரு பருக்கை வாயில வெக்கலை! உங்க சிஸ்டர் ஒழுங்காச் சொல்லாம விட்டுட்டு, எங்க மேல பழி போடுறாங்களா?"

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு அப்போதுதான் அந்த அறையிலிருந்து வந்திருந்தாள். அதுவும் பொய்தான்.

இருநூறு பேர் சாப்பிடும் தொழிற்சாலை கேன்டீனில் அவள் தலைமைச் சமையல்காரி. ருசி பார்ப்பதில் தவறாதவள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'நாக்கம்மா'. ஆறு மாதமாக உடம்பில் ரத்தம் ஏற மாட்டேன் என்றது. முகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழிருந்தும் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் இருக்கிற சிறுகுடலில் எங்கோ கசிகிறது, கேமரா வைத்த மாத்திரையை விழுங்கினால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

சிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். "நாளைக்கு மத்தியானத்துல இருந்து தண்ணி ஆகாரம்தான். சாயங்காலம் இந்த மருந்தைக் கலக்கிக் குடிங்க, வயிறு சுத்தமாயிடும். ராத்திரி பத்துக்கு மேல எதுவுமே கூடாது. உள்ள எதாச்சும் இருந்தா கேமராவுக்குக் கண்ணு தெரியாதும்மா."

சொன்னபடியே நாக்கம்மா செய்தாள். கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. "என்னம்மா, நான்-ஸ்டாப்பா ஓடுற? சீசன் டிக்கெட் போட்டுத் தரவா?" என்று மகள் கேலி செய்தாள்.

விடிந்ததும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கேன்டீனை ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு நாக்கம்மா முன்னால் கிளம்பினாள். போகாமல் இருந்திருக்கலாம்! பெரிய அண்டாவில் தக்காளிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்த்தாள். முப்பது வருடப் பழக்கம், கை அவளைக் கேட்கவா செய்தது? அதோடு நிறுத்தியிருந்தால் கடவுள்கூட மன்னித்திருப்பார். காலி வயிறு அந்த ஒரு சொட்டில் விழித்துக்கொண்டது. ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு, சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மடமடவென்று குடித்தாள். தன் கையால் சமைத்ததையே திருடித் தின்பது போல் இருந்தது.

"காலையில எதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?" எட்டு மணிக்கு சிஸ்டர் கேட்டாள்.

"பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை சிஸ்டர்."

பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூட நாளில் ஒரு சின்னப் பொய்க்காக அந்த மகளை அடித்து, வாசலில் முட்டி போட வைத்தவள் வேறு என்ன சொல்வாள்? மாத்திரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, தோளில் ரெக்கார்டரை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அதன் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அதன் முகத்தைப் பார்க்கக் கூசி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

ஒரு வாரம் கழித்து இன்றைக்குத்தான் டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். "ஏதோ துணுக்கு மறைக்குதும்மா. கசியற இடம் தெரியலை. மறுபடியும் எடுக்கணும்."

அவருக்கு அது ஏதோ துணுக்கு. சமைத்தவளுக்குத் தெரியாதா? சுருண்டு ஒட்டியிருந்தது தக்காளித் தோல். அதன் பக்கத்தில் கறுப்பாக இரண்டு கடுகு. அவள் தாளித்த கடுகு!

கதவு திறந்தது. சிஸ்டர் சிவந்த முகத்தோடு வெளியே வந்து அவள் முன்னால் நின்றாள். "நான் சொன்னேன்லம்மா?"

நாக்கம்மா தரையைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மாலை அந்த சிஸ்டரே வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"வாங்க. இப்பவாவது எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதே" என்று குத்தினாள் மகள்.

சிஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். புது மருந்துப் பொட்டலத்தைக் கொடுத்தாள். கடைசியாக ஒரு தாளை எடுத்தாள். "அம்மா இதுல கையெழுத்துப் போடணும். டாக்டர் வாங்கிட்டு வரச் சொன்னார்."

மகள் அதை வாங்கி உரக்கப் படித்தாள். "'முதல் முறை எனக்குச் சரியாக விளக்கப்படவில்லை. இப்போது விளக்கப்பட்டது.' அப்படி வாங்க வழிக்கு! போடும்மா."

"போட்டா உங்களுக்கு என்ன ஆகும் சிஸ்டர்?" என்று கேட்டாள் அம்மா.

"என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகலைம்மா. இந்த மாசக் கடைசியில நீட்டிக்கணும். இதைப் பார்த்தா நீட்டிக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு, பேனா மூடியைத் தானே கழற்றி நீட்டினாள். நாக்கம்மா அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"நான் தின்னேன்."

"என்னம்மா உளர்ற?"

"உளறலைடி. கேன்டீன்ல, கதவுக்குப் பின்னாடி நின்னு ஒரு கிண்ணம் குழம்பு குடிச்சேன். படத்துல இருந்தது என் குழம்பு. இவங்க எல்லாம் சொன்னாங்க, ஒண்ணு விடாம சொன்னாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

மகளின் குரல் இப்போது கண்டக்டர் குரலாக இல்லை.

"நான் அங்க மேசையைத் தட்டிக் கத்தும்போது, நீ வெளிய கேட்டுட்டுத்தானே இருந்த?"

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

சிஸ்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் தள்ளி வெச்சிருப்பேன்மா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் ஆகியிருக்காது."

அவ்வளவுதான்! அந்த ஒரு வார்த்தையில் நாக்கம்மா குறுகிப் போனாள்.

மகள் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதினாள். சிஸ்டர் சரியாகச் சொன்னார், அம்மா மீறிச் சாப்பிட்டார், சாப்பிடவில்லை என்று பொய் சொன்னார். 'பொய்' என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றுவிட்டு மேலே போயிற்று. அம்மா ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

"தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க சிஸ்டர்."

"வேண்டாம்மா, டூட்டிக்கு நேரமாச்சு. நாளன்னிக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. வெறும் வயித்தோட." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிஸ்டர் எழுந்தாள்.

மகள் வாசல் வரை பின்னாலேயே போனாள். "சிஸ்டர், நான் அன்னிக்குப் பேசினது..." என்று ஆரம்பித்தாள். சிஸ்டர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அவள் தெரு திரும்பும் வரை மகள் நின்றாள். பிறகு, அம்மாவின் பக்கம் திரும்பாமலேயே கதவைச் சாத்தினாள்.