கலஹாவில் புளி போட்டுத் தேய்த்த குண்டுக் கிண்ணம்

1. கீழே கையொப்பமிடும் நான் கண்டியில் வசிக்கும் சட்டத்தரணி. படைக்கல நிபுணன் அல்லன். படித்ததையும் கண்டதையும் மட்டுமே கூறுகிறேன்.

2. நேற்று, சனிக்கிழமை, கலஹா சென்றது தேயிலை மலைகளைப் பார்ப்பதற்காக அன்று. முன்பு காணி விடயமாக என்னிடம் வந்த தோட்டத் தொழிலாளி சிவலிங்கம் தொலைபேசியில் அழைத்திருந்தார். தோட்டத்தில் கான் (மழைநீர் வடிகால்) வெட்டும்போது இரும்புக் கிண்ணமொன்று கிடைத்ததாம். துவக்கு, அதாவது துப்பாக்கி, முனையில் பூட்டிக் குண்டெறியும் சாமான் அது என்று ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் சொன்னாராம். பொலிஸுக்கு அறிவித்தால் தன்னையே பிடித்துவிடுவார்களோ என்பது அவரது அச்சம்.

3. கண்டி குட்செட் பேருந்து நிலையத்தில் காலை 7.20க்குப் பேருந்து, பேராதனை வழியாகக் கலஹாவுக்கு ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்த்தேன் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. அங்கிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர், முச்சக்கரவண்டிக்கு ஐந்நூறு ரூபாய். விடயமறிந்த சாரதி நௌபர், “ஸேர், அது வெடிக்குமா? சொல்லுங்க, வண்டிய அந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன்” என்றார்.

4. துருவேறிய பொருளை எதிர்பார்த்தேன். அதுவோ வெள்ளி போல் மின்னியது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கோயிலில் சாம்பிராணி போடுவதற்காக, மூன்று நாள் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்திருந்தார் சிவலிங்கம்.

“அழுக்கா வச்சா சாமிக்கு ஆகுமாங்க ஐயா?”

“வீட்டுச் சட்டியத் தேய்க்கச் சொன்னா மட்டும் இவருக்குக் கை வலிக்கும்” என்றார் மனைவி செல்வராணி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணில் கிடந்து ஏறிய துருதான் அவருக்கிருந்த சிறந்த சான்று. இப்போது அது பேணி வைத்த ஆயுதம் போலத் தோன்றியது.

5. எஞ்சியது அதன் வடிவம். ஆரம்பத்தில் குண்டின் அடியில் கம்பி பொருத்தித் துவக்குக் குழலுக்குள் செருகிச் சுட்டார்கள், குழல் பழுதாயிற்று. அடுத்து குழல்முனையில் இத்தகைய கிண்ணத்தைப் பூட்டி, ஈயக் குண்டில்லாத வெற்றுத் தோட்டாவால் கைக்குண்டை உந்தினார்கள். உதைப்பில் துவக்கின் மரக்கட்டை பிளவுபடாதிருக்கக் கம்பி சுற்றினார்கள். பின்னர் குழல்முனையிலேயே மாட்டும் குண்டுகள் வந்தன. இன்றைய துவக்கின் கீழே தனிக் குழல், தனி விசை. இக்கிண்ணத்தின் பூட்டு உலகப் போர்க்காலத் துவக்குக்கே பொருந்தும். பூட்டின் உள்மூலையில், புளி எட்டாத இடத்தில், துரு இன்னும் இருந்தது. தொடாமல் படமெடுத்தேன்.

6. நான் அழைத்ததன்பேரில் பிற்பகல் 12.45க்கு வந்த இரு பொலிஸாரில் மூத்தவர் கேட்ட முதற்கேள்வி: “ஏன் இவ்வளவு சுத்தம்?” மேற்படி வரலாறு முழுவதையும் சிங்களத்தில் சொன்னேன். அவர் உள்மூலையில் டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டார், கானைச் சுற்றி நாடா கட்டினார். சிவலிங்கத்தை அழைத்துச் செல்லவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார். திங்களன்று என்ன நிகழும் என்பதை இதை எழுதும் ஞாயிறன்று நான் அறியேன்.

7. இப்பக்கம் வருவோருக்கு: மழைச்சட்டை அவசியம், திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இத்தகைய பொருளைக் கண்டால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். தள்ளி நின்று பொலிஸை அழையுங்கள்.

8. நேற்று நடந்ததற்கு நௌபர் சாட்சி. கானில் கண்டெடுத்ததற்குச் சாட்சி தேடி, இன்று மீண்டும் வந்து லயத்தில் எட்டு வாசல்களில் நின்றேன். எல்லோரும் தேநீர் தந்தார்கள், கையொப்பம் தரவில்லை. மனைவியின் சாட்சியைக் குறைத்தே மதிப்பார்கள் என்று செல்வராணியிடம் சொன்னேன்.

“கான் வெட்டுறப்ப மண்ணு அள்ளுனது நான்தானுங்களே. வேற யாரு பாத்தா?” என்று பேனாவை வாங்கினார்.

(ஒப்பம்) க. தவராசா, சட்டத்தரணி

சாட்சிகள்:
மு. நௌபர், முச்சக்கரவண்டிச் சாரதி
சி. செல்வராணி, கொழுந்து பறிப்பவர்