பானெட் மேல் வைத்த மருந்து

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் ஈரத்துணி சுற்றிய சின்னக் குப்பி. வாழப்பாடியில் இருக்கும் என் அக்காவுக்கு மாதம் இரண்டு முறை நான் அனுப்பிய இன்சுலின் அது. அவளுக்கு எழுதிக்கொடுத்திருந்த வகை அங்கே கடைகளில் நிலையாகக் கிடைக்காது. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடை சேலம் செவ்வாய்ப்பேட்டையில். மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளி. வாங்கி டப்பாவில் வைத்து, வாழப்பாடி வழியாகப் போகும் பதினொரு மணி பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிட்டு அக்காவுக்கு ஒரு போன் அடிப்பேன். அவள் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் இதெல்லாம் புதிய ஏற்பாடு இல்லை. சாப்பாட்டுக் கூடை, கல்யாணப் பத்திரிகை, தைத்த ரவிக்கை, எல்லாம் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கும் பானெட் மேல் உட்கார்ந்துதான் ஊர் போய்ச் சேரும்.

அந்த பஸ்ஸின் டிரைவர் ராசிபுரம் பக்கத்துக்காரர். எனக்கு அவர் டிரைவரண்ணன், அவ்வளவுதான். ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டினால் வாங்கி பானெட் மேல் வைப்பார். "நீங்க போங்க, நான் பாத்துக்கறனுங்க" என்பார். நான் திரும்பி நடந்துவிடுவேன். ஆறு வருஷமாக இதுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. பஸ் கிளம்பிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அந்த மருந்தின் அருமை எனக்குத் தெரியாததல்ல. இந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஒரு தடவை, கெட்டுப்போன மருந்து என்று தெரியாமல் போட்டுக்கொண்டு, அக்கா மூன்று நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்ததே பெரிது, இன்னொரு முறை தாங்காது என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

பஸ் ஸ்டிரைக் வந்தது. நான் குடியிருப்பது மல்லூரில். முதல் நாள் ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேரோடு பத்தாவது ஆளாக, பாதி உடம்பு வெளியே தொங்க வந்தேன். இரண்டாம் நாள் மில் வேன்காரனைக் கெஞ்சி, ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். மூன்றாம் நாள் நாமக்கல்லிலிருந்து வந்த முட்டை வேன். அட்டை அட்டையாக அடுக்கிய முட்டைகளுக்கும் கதவுக்கும் இடையில் என்னைச் செருகிவிட்டு, "சாமி, தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கோங்க" என்றார் ஓட்டுநர். கடைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்டிரைக் செய்பவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நான்காம் நாள் அக்கா போன் செய்தாள். பழைய குப்பி அன்று இரவோடு தீர்ந்துவிடும். வெளியாட்களை வைத்துச் சில பஸ்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணி பஸ்ஸும் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் யாரோ ஒரு லாரி டிரைவர். நானே ஏறி டப்பாவை பானெட் மேல் வைத்துவிட்டு, "வாழப்பாடியில வந்து வாங்கிக்குவாங்க" என்றேன். சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். வேலை முடிந்தது என்று இறங்கினேன்.

பஸ் நிலையத்துக்கு வெளியே ஸ்டிரைக் செய்பவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் டிரைவரண்ணனும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அக்காவுக்கு இந்நேரம் மருந்து தீந்திருக்குமேங்க. எப்படி அனுப்பறீங்க?"

"உங்கள நம்பியா ஊரு நிக்குது? வேற ஆளு ஓட்டறாரு. அதுல அனுப்பியாச்சு."

"பானெட்டு மேலயா வெச்சீங்க?"

"பின்ன தலை மேலயா வெப்பாங்க?"

அவர் முகம் மாறியது. "அக்கா நம்பரக் குடுங்க, சீக்கிரம்" என்றார். என் கோபம் எனக்கு. "நீங்க கோஷம் போடற வேலையப் பாருங்க. எங்கக்காவுக்கு ஒண்ணுன்னா நீங்கதான் பொறுப்பு" என்று பந்தலில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கத்தினேன். அவர் ஓரமாக நின்றிருந்த தன் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ரோஷப்பட்டு வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"டேய், உனக்கு அறிவிருக்கா? டிரைவரண்ணன் இப்பத்தான் போறாரு. சேலத்துல இருந்து மொபெட்டுலயே வந்து, வீட்ட விசாரிச்சுக் கண்டுபிடிச்சிருக்காரு, மூஞ்சியெல்லாம் கருத்துப்போயி. அந்த மருந்தப் போட்றாதீங்கன்னு சொல்லத்தான் வந்தாராம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். வழியில் ஆட்கள் மறித்ததில் பஸ் முக்கால் மணி நேரம் இன்ஜின் ஓடியபடியே நின்றிருக்கிறது. டப்பாவை வாங்கும்போது கையில் பிடிக்க முடியவில்லை. வெயில்தான் என்று எண்ணிக் குப்பியை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். மறுநாள் காலை எடுத்திருந்தால் எப்போதும் போலச் சில்லென்று இருந்திருக்கும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

"பானெட்டு அந்தக் கொதி கொதிக்குமே, அது மேல யாராச்சும் இன்சுலின வெப்பாங்களா? மொத தடவையே நான் அவருகிட்ட சொல்லிட்டேன். நீ அந்தப் பக்கம் போனதும் எடுத்து ஜன்னல் கம்பியில கட்டித் தொங்க விட்டுக்குவாரு. வழியில நிக்கற எடத்துல எல்லாம் துணிய நனைப்பாரு. ஆறு வருசமா உனக்குத் தெரியாதா?"

கடை நடுவில், பிரித்துப் போட்ட துணிகளுக்கு இடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று காலை அந்த பஸ்ஸில் ஏறியபோது பானெட்டின் அனல் என் முழங்காலில் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது தெரிந்தேதான் அதன் மேல் வைத்தேன். அக்காவைக் கொல்ல வேறு யாரும் வேண்டியதில்லை, நான் ஒருவனே போதும் என்று தோன்றியது. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் ஓடி, புதுக் குப்பி வாங்கி, ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி ஃபிளாஸ்க்கில் போட்டுக்கொண்டேன். அயோத்தியாப்பட்டணம் வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து ஆத்தூருக்குக் காலி மூட்டை ஏற்றிப்போன லாரி. வாழப்பாடி வரும்வரை ஃபிளாஸ்க்கை மடியை விட்டு இறக்கவில்லை.

இப்போதெல்லாம் மருந்தை நானேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அக்கா நன்றாக இருக்கிறாள். டிரைவரண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பஸ்ஸில் யாராவது பானெட் மேல் எதையாவது வைத்தால் உள்ளே என்ன என்று கேட்டுவிடுகிறேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஸ்டிரைக் முடிந்த மறுநாளே அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸை எடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே போய் நின்றதும் அவர் முந்திக்கொண்டார்.

"ஸ்டிரைக்குன்னு முடிவானதுமே உங்களத் தேடி வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கோணுங்க, பானெட்டு மேல வெக்காதீங்கன்னு. சொல்லாம விட்டது எம்பட தப்புதானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது. கேட்க வேண்டிய மன்னிப்பை நான் அன்றைக்கும் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை டப்பாவோடு அந்த ஜன்னலுக்குக் கீழே எத்தனையோ முறை நின்றும் கேட்கவில்லை.